மாப்பிள்ளை கொண்டுவந்த பேண்டு

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காகக் கலைமதி துணி கிழித்துக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்த செல்வகுமாரின் முகம் வெளுத்திருந்தது.

"இன்னாடா?"

"பேண்டு ஓனருதான்க்கா. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு சாவாம், டிரம்பெட்ட எடுத்துக்கினு ஜல்தி வரச்சொல்றாரு."

"எந்த ஊராம்?"

"நம்ம ஊருதான். புக் பண்ணது மாமா."

துணி கையிலேயே நின்றது. மாமனார் சாவுக்கு மேளம் கொண்டுவருவது மாப்பிள்ளை முறை. "திண்டிவனத்துலயே நல்ல பேண்டு செட்டா சொல்லுங்க" என்று சற்று முன் கணவன் வேணுவிடம் சொன்னவள் அவள்தான். அந்த நல்ல செட்டில் ஊதுவது யார் என்று மட்டும் அவனிடம் சொன்னதில்லை.

அப்பாவுக்கும் தெரியாது. விழுப்புரம் இசைப்பள்ளியில் மகன் பாட்டுப் படித்து முடித்ததுமே, கவர்மெண்டு ஸ்கூலில் பாட்டு வாத்தியார் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கூடப் படித்தவர்களில் ஒருத்தி துணிக்கடையில் நிற்கிறாள், ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான். செல்வகுமார் டியூஷன் எடுப்பதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதினான். நேற்று படுக்கும்போதுகூட அப்பா கேட்டார், "வேலை ஆர்டர் வந்துச்சாடா?" "வரும்பா" என்றான்.

"வேற செட்டு சொல்லலாமாடா?"

"வேன் கெளம்பிடுச்சுக்கா. நம்ம வீடுன்னு சொல்லிட்டேன். யாரும் என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டாங்க."

மத்தியானம் சிவப்புச் சட்டை போட்ட பேண்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அம்மா ராஜாமணி அழுகையை நிறுத்திவிட்டு எழுந்துபோனாள்.

"யப்பா, சுதி தப்பாம வாசிங்க. எம்புள்ள பாட்டு வாத்தியாரு. தப்புனா கண்டுபுடிச்சிடுவான்."

டிரம் அடிக்கும் பிரான்சிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிங்கம்மா" என்றார்.

"ரெண்டு டிரம்பெட்டுன்னீங்க, ஒண்ணுதான் கீது?" என்றான் வேணு.

"ஒரு பையன் லீவுங்க."

"இன்னாய்யா பேஜாரு! இன்னைக்குன்னு பாத்தா லீவு?"

"அவன் வீட்ல சாவுங்க."

பாடை நகர்ந்தது. பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். பாட்டின் நடுவில், இரண்டாவது டிரம்பெட் ஏறவேண்டிய இடத்தில் டிரம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. கொள்ளிச்சட்டியோடு முனை திரும்பிய செல்வகுமாரின் வலது கையில், டிரம்பெட்டின் பொத்தான்களுக்குப் பழகிய மூன்று விரல்கள் சட்டியின் மேல் அழுந்தி எழுந்தன. மறுபடி அழுந்தின.

"சட்டி சுடுதுபோல புள்ளைக்கு" என்றாள் அம்மா.

"ஆமாம்மா" என்றாள் கலைமதி.