வாய் திறந்த டாக்டரம்மா

ஓய்வு பெற்ற பிறகு நான் சேர்த்த ஒரே சொத்து பித்தப்பைக் கல். அதை எடுக்கப் படுத்தவன், கல்லோடே எழுந்தேன். நடுவில் எமலோக வாசல்வரை போய்ச் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன் என்றால் நம்புங்கள். ஊசி ஏறியதும் முகம் பூசணிக்காயாகி, கண்ணிரண்டும் காணாமல் போயின. ஆபரேஷனை நிறுத்தி, மாற்று மருந்து கொடுத்து என்னை இழுத்துப் பிடித்தார்கள்.

மறுநாள் என் மனைவி எல்லோரிடமும் ஒன்றைத்தான் கேட்டாள்: "என்னதான் ஆச்சு? அது தெரியாம இவரை மறுபடி அந்த மேசையில படுக்க விடமாட்டேன்." "உடம்பு வாகும்மா" என்று நழுவினார்கள். கல்லோ உள்ளே உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தது.

மச்சான் வக்கீல். கறுப்புக் கோட்டோடே வந்துவிட்டான். "மாமா, இந்தக் கட்டடத்தையே உங்க பேருக்கு வாங்கித் தரேன்."

"மாப்ளே, மாடிப்படி ஏற முடியாதவனுக்கு நாலு மாடி எதுக்குடா?"

அப்போது எனக்கு ஆபரேஷன் செய்யத் தொடங்கிய டாக்டரம்மா வந்தார். பின்னாலேயே, ரயிலைத் துரத்துகிறவர்போல மருத்துவமனையின் சட்ட அதிகாரி. "மேடம், வேணாம்! தப்பை ஒத்துக்கிட்டா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுடுவான்!"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து மனைவியின் எதிரே உட்கார்ந்தார். "அம்மா, எல்லாருக்கும் போடுற ஊசியையே பழக்கத்துல இவருக்கும் போடச் சொல்லிட்டேன். அது ஆகாதுன்னு கையில சிவப்புப் பட்டை இருந்துச்சு. கை போர்வைக்குள்ள இருந்துச்சு. விலக்கிப் பாக்கறது என் வேலை. பாக்கல. மன்னிச்சுடுங்க."

சட்ட அதிகாரிக்கே ஒரு கட்டில் தேவைப்படும் போலிருந்தது. எனக்கோ, உயிரைத் திருப்பித் தந்தபோது வராத கண்ணீர் அப்போது வந்தது.

மச்சான் துள்ளினான். "அக்கா, கேட்டியா! அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க!"

"தப்பு மட்டும் போதாது, அதனால கெடுதியும் நடந்திருக்கணும்னு நீதானேடா சொல்லுவ? என்ன கெடுதி ஆச்சு? வீங்கினதுல உங்க மாமா முகத்துக்குக் கொஞ்சம் களை வந்துச்சு."

மச்சான் கோட்டைக் கழற்றினான்.

"வேற டாக்டரை ஏற்பாடு பண்ணட்டுமாம்மா?" என்றார் டாக்டரம்மா தயங்கி.

"எதுக்கு? ஏதாவது ஆச்சுன்னா அவர் வந்து எங்கிட்ட சொல்லுவாரா?" மனைவி டாக்டரம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே பண்ணுங்க கண்ணு. ரொம்ப நன்றி."