நடுக்கோடு

ஹேர்பின், தோடு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னபோது அக்கா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஸ்கேன் மேசையில் படுத்து, தலையைத் தாங்கியில் வைத்து, நெற்றிக்குக் குறுக்கே பட்டையை நான் இழுத்து ஒட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "கண்ண மூடிக்கலாமாடா? மூடினாத்தான் அது நல்லாத் தெரியும்." லேசர் விளக்கு இருப்பதால் எல்லோரையும் மூடத்தான் சொல்வோம் என்றேன். சிவப்புக் கோடு அவள் மூக்கின் மேல் விழுந்தது. தாடையைப் பிடித்து மயிரிழை அளவு திருப்பி, கோடு நெற்றி நடுவிலிருந்து மோவாய் வரை சரியாக இறங்குகிறதா என்று பார்த்தேன். தலை கோணலாக இருந்தால் நடுவில் இருப்பதெல்லாம் ஓரத்தில் இருப்பதாகப் படம் பொய் சொல்லும். அதனால் இன்னொரு தடவையும் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தன் மூன்றாவது கண்ணைப் படம் எடுக்க வந்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைக்க வைத்தது நான்தான்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். மூளையின் நட்ட நடுவில், ஒரு பயறு அளவுக்கு பீனியல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வயது ஏற ஏற அதில் சுண்ணாம்பு படியும். ஸ்கேனில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் ஸ்கேன் டாக்டருக்கு அந்தப் புள்ளி மேல் தனிப் பிரியம். அவர் தொழில் கற்ற காலத்தில் வெறும் எக்ஸ்ரேதான். அதில் மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. உள்ளே தெரிகிற ஒரே அடையாளம் இந்தச் சுண்ணாம்புப் புள்ளி. அது நடுக்கோட்டில் இருந்தால் சரி. ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் மறுபக்கம் ஏதோ ஒன்று உட்கார்ந்து அதைத் தள்ளுகிறது என்று அர்த்தம். இப்போது மெஷின் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைக்கிறது. இருந்தும் எந்த மூளைப் படம் வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "புள்ளி நடுவுல இருக்கா?" நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் நடுக்கோடு. அவர் சட்டையில் டீ சிந்தினால்கூட நடுக்கோட்டில்தான் சிந்தியதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுச் சிரிப்போம். அது அவருக்கும் தெரியும்.

இதே சுரப்பியைப் பற்றி என் அக்கா என்னிடம் வேறு விதமாகச் சொல்ல ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். அவள் ஜன்னல் திரை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறாள். அத்தான் ஒரு நாள் வேலைக்குப் போனவர் அப்படியே இன்னொரு வீட்டுக்குக் குடிபோய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை, செருப்பு மாற்றுவதுபோல மாற்றிவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போனது. மாத்திரை போட்டால் பகலிலும் தூங்கினாள், போடாவிட்டால் எப்போதும் விழித்திருந்தாள். என் வீட்டு மாடி அறையில் அவள் நடக்கிற சத்தம் கீழே கேட்கும். எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்றுதான் தெரியாது. அப்புறம் கடையில் கூட வேலை பார்க்கிற ஒருத்தி அவளைத் தியான வகுப்புக்குக் கூட்டிப் போனாள்.

வகுப்பு நடத்துபவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். குடிநீர்க் குழாய் இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். காசு வாங்குவதில்லை. யாரையும் காலில் விழ விடுவதில்லை. அவரை வெறுக்க நான் எவ்வளவோ முயன்று பார்த்தேன், பிடி கொடுக்காத மனுஷன். புருவ மத்திக்கு நேர் உள்ளே இருக்கிற அந்தச் சுரப்பிதான் ஞானக்கண் என்பார். நம் கவலையெல்லாம் சேர்ந்து அதைக் கல்லாக்கி வைத்திருக்கிறது, பார்வையை உள்ளே குவித்துக்கொண்டே வந்தால் முதலில் அது தன் இடத்தை விட்டு அசையும், பிறகு திறக்கும், திறந்தால் வெளிச்சம் தெரியும் என்பார். தவளைக்கும் சில பல்லி வகைகளுக்கும் உச்சந்தலையில் நிஜமாகவே மூன்றாவது கண் உண்டு, நம்முடையது அதன் மிச்சம் என்றும் சொல்வாராம்.

நடுக்கோடு டாக்டரிடம் கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தால், தலையை ஆட்டினார். தவளை சமாச்சாரம் உண்மைதான். நமக்கும் வெளியே இருட்டினால் அந்தச் செய்தி கண் வழியாகச் சுற்றி வளைத்து அதற்குப் போகும், அது சுரந்து தூக்கத்துக்கு வழி பண்ணும் என்றார். "வெளிச்சமே போகாத எடத்துல உக்காந்துக்கிட்டு வெளிச்சத்துக்குக் கணக்கு வச்சிருக்கு, பாத்துக்க," என்று தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. மாஸ்டர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அக்காவிடம் சண்டை போட்டிருக்கலாம். பாதி உண்மையோடு யார் மல்லுக்கு நிற்பது?

தவிர, அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. சாப்பிட்டாள். பழைய கேலியெல்லாம் திரும்பி வந்தது. நாள் முழுக்க அடுத்தவர் மண்டைக்குள் எட்டிப் பார்க்கிறாயே, கூச்சமாக இல்லையா என்பாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "எனக்கு வெளிச்சம் தெரியுதுடா."

வட்ட வட்டமாக, மஞ்சளும் சிவப்புமாக, சுழன்றுகொண்டே வருமாம். கொஞ்ச நேரம் நின்று ஆடிவிட்டுப் போய்விடுமாம். வகுப்பில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்க, அவளுக்கு மட்டும் வந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை, அவள் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். நடுவிலா வருகிறது என்று கேட்டேன். இடது ஓரத்தில் என்றாள். முதலில் ஓரத்தில் வரும், பிறகு நடுவுக்கு வரும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறாராம். எப்போதும் இடதுதானா என்றேன். எப்போதும் இடதுதான். தியானத்தில் மட்டுமா? முதலில் அப்படித்தான், இப்போது பஸ்ஸிலும் வருகிறது, தைக்கும்போதும் வருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

இந்த மெஷினின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷத்தில் இப்படி வெளிச்சம் பார்த்து வந்தவர்கள் கதை நானும் நாலு கேட்டிருக்கிறேன். அதன் பிறகு அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். இடது தோள் வாசல் நிலையில் இடித்துக்கொண்டே இருந்தது. மேசையின் இடது ஓரத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டாள். அவளுக்கு இடது பக்கமாகப் போய் நின்று தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போட்டது. "பூனை மாதிரி வராத, செருப்பத் தேச்சு நடந்து வா," என்று திட்டினாள். கடைக்கார அம்மா என்னைப் பார்த்தபோது அக்கா தைத்த ஒரு திரையை விரித்துக் காட்டினாள். வலது ஓரம் அச்சு வார்த்தாற்போல மடித்துத் தைத்திருந்தது. இடது ஓரம் மடிக்காமலே பிசிறு தொங்கியது. உங்க அக்காவுக்குத் தியானம் முத்திப்போச்சு என்று அந்த அம்மா சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

டாக்டரிடம் போகலாம் என்று அக்காவைக் கூப்பிட்டேன். தலைகீழாக நின்றும் பார்த்தேன். அவள் கோபப்படக்கூட இல்லை. "எனக்குன்னு ஒண்ணு வந்தா, உங்களுக்கெல்லாம் அது வியாதி," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மாஸ்டரிடமே போய்ச் சொன்னேன். அவர் பதறிப்போய், டாக்டரைப் பாரும்மா என்று அவளிடம் சொல்லவும் செய்தார். தம்பி வந்து அவர் மனசைக் கலைத்துவிட்டான் என்று அவள் முடிவு கட்டினாள்.

அதனால்தான் பொய் சொன்னேன். எங்கள் மெஷினில் அந்தச் சுரப்பி அச்சு அசலாகத் தெரியும், கல்லாக இருக்கிறதா அசைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றேன். முழுப் பொய்யும் இல்லை. நானும் பாதி உண்மையில் பிழைக்கக் கற்றுக்கொண்டேன். நடுக்கோடு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவரே சீட்டு எழுதிக்கொடுத்தார். அக்கா தன் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஸ்கேன் முடியச் சில நொடிகள்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மோவாயிலிருந்து உச்சிவரை படங்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினேன். பழக்கத்தில் கை தானாகப் போகிறது. கண்குழி, காதெலும்பு, பிறகு மூளை. புள்ளி வந்தது. வெள்ளையாக, துல்லியமாக, எல்லோருடையதையும் போல.

நடுவில் இல்லை. இடது பக்கமாக ஒதுங்கியிருந்தது.

தலை கோணலா என்று பார்த்தேன். இல்லை, நான்தானே இரண்டு தடவை சரிபார்த்தேன். அதற்குமேல் வலப்பக்கம் பின்னால், இடது பக்கத்துப் பார்வைக்கான இடத்தில், பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனால் திரையில் அது இருந்தது, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு, சுற்றிலும் வீக்கத்தோடு. டாக்டர் வந்து என் பின்னால் நின்றார். அன்றைக்கு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மருந்து ஏற்றி இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். எடுத்தோம். அந்த உருண்டை பளிச்சென்று தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மூளையின் உறையிலிருந்து வளர்ந்திருக்கிற மாதிரித்தான் தெரிகிறது, அப்படியானால் எடுத்துவிடலாம், சீக்கிரம் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை போகும், பார்வை மட்டும் இல்லை என்றார். நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்று கேட்டார். வேறு யாராவது என்றால், 'டாக்டர் சொல்வார்' என்ற ஒரே வாக்கியத்தோடு எங்கள் கடமை முடிந்தது. நான் முன்னால் போகிறேன், நீங்கள் கொஞ்சம் பொறுத்து வாருங்கள் என்றேன்.

அக்கா உடை மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை ஒட்டியிருந்தார்கள். பெஞ்சின் வலப்பக்கம் அவள் பையும் செருப்பும் இருந்ததால் இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். உட்காருவதற்கு முன் செருப்பைத் தேய்த்தேன்.

"தெரிஞ்சுதா?" என்றாள்.

"தெரிஞ்சுது."

"எப்படி இருக்கு?"

எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது தொழில் பேச்சுதான். "நகர்ந்திருக்குக்கா."

அவள் கை தோட்டோடு அப்படியே நின்றது. பிறகு முகம் மலர்ந்தது. நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அசைஞ்சிருச்சா?" என்றாள் மெதுவாக. "மிஷினுக்கே தெரியுதா?" அவள் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. என் கையைத் தேடிப் பிடிக்கப் பார்த்தாள். கை பெஞ்சின் விளிம்பில் தடவிக்கொண்டு போனது. நானே என் கையை எடுத்துக் கொடுத்தேன்.

அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அத்தான் போன பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி. அதை நான் சொல்லியிருக்கிறேன்.

"தானா நகரலக்கா. பின்னாடி ஒண்ணு வளந்திருக்கு. அது தள்ளுது."

அவள் கை என் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. நான் சொல்லிக்கொண்டே போனேன். திரையின் ஓரம், தோள் இடிப்பது, டம்ளர், ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும், நம் டாக்டர் அப்படித்தான் சொல்கிறார். நடைபாதையில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கீச்சிட்டது. அது தூரம் போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"அத எடுத்துட்டா, வெளிச்சமும் போயிடுமா?"

போய்விடும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். நடைபாதையின் கோடியில் டாக்டரின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"இரு," என்று கையை உயர்த்தினாள். "வருது."

அவள் கழுத்து மெல்ல இடது பக்கமாகத் திரும்பியது. முகம் முழுக்க எனக்கு நேராக வந்தது. இமைகூடத் தட்டவில்லை. எப்போதோ கல்யாணப் பந்தலில் பார்த்த அந்த முகம். இத்தனை அருகில் உட்கார்ந்திருந்த என்னை விட்டுவிட்டு, நான் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.