நூற்றுக்கு இருபத்திரண்டு

எட்டு வருஷமாகச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. யாரையும் லேசில் நம்பாதவன் என்று தொகுதி முழுக்கப் பேர். அதற்காகவே என்னை நம்பி ஓட்டுப் போட்டார்கள் என்று நினைக்கிறேன். சபை நடக்கும் நாட்களில் உறுப்பினர் விடுதியில் அறை. மற்ற நாட்களில் வயலும் மாடும். உண்மையில் அதையெல்லாம் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரிதான்.

இந்தப் பருவத்தில் மக்காச்சோளம் விதைத்த பதினாறு பேர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அரசாங்கக் கிடங்கில் வாங்கிய விதை முளைக்கவேயில்லை என்றார்கள். தொண்ணூறு சதவீதம் முளைக்கும் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டவள் விதைப் பரிசோதனை அதிகாரி. சின்னப் பெண். கூப்பிட்டுக் கேட்டேன்.

“விதை நல்ல விதைதான் ஐயா. விதைச்ச மறுநாள் பேஞ்ச மழையில வயல்ல தண்ணி நின்னுடுச்சு. உள்ளேயே அழுகிப்போச்சு. நான் தோண்டிப் பார்த்தேன்.”

“மழை மேல பழியப் போட்டா சௌகரியம். அது வந்து மறுத்துப் பேசவா போகுது?” என்றேன்.

முகம் சுருங்கியது. அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. வாதாடாதவள் எதையோ மறைக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

விவசாயிகளான எங்களிடம் ஒரு சோதனை உண்டு. நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்ட வேண்டும். காயாமல் தண்ணீர் தெளித்து ஐந்தாம் நாள் பிரித்தால் முளைத்தது எத்தனையோ அத்தனை சதவீதம். கருவியும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். கிடங்கில் அதே மூட்டையிலிருந்து ஒரு கிலோ வாங்கி, இரண்டு பிடியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு தலைநகருக்குப் பஸ் ஏறினேன். விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்தேன். திங்கட்கிழமை காலை பிரித்து எண்ணினேன். இருபத்திரண்டு.

அன்றே சபையில் அந்தச் சாக்கைத் தூக்கிக் காட்டினேன். “செத்த விதைக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்” என்றேன். இரண்டு பக்கத்திலும் மேசையைத் தட்டினார்கள். வியாழன் மாலைக்குள் அந்த அதிகாரியைச் சஸ்பெண்ட் செய்து உத்தரவு போடுவதாக அமைச்சர் எழுந்து சொன்னார்.

பெருமை தாங்காமல் வீட்டுக்குப் போன் செய்தேன்.

“அந்தப் பொண்ணு நம்ம பக்கத்து வயலுக்கும் வந்துச்சுங்க. முட்டிவரைக்கும் சேத்துல இறங்கிப் பார்த்துச்சு” என்றாள் வீட்டுக்காரி.

“சேத்துல இறங்கினவங்க எல்லாம் யோக்கியமா?”

“நீங்க சேத்துல இறங்கிக் காட்டித்தானே ஓட்டு வாங்கினீங்க?”

போனை வைத்துவிட்டாள்.

வியாழன் காலை விடுதி வாசலிலிருந்து காவலர் கூப்பிட்டார். “ஐயா, உங்க வீட்டம்மான்னு சொல்றாங்க. கையில ஏதோ ஈர மூட்டை. திறந்து காட்டச் சொன்னா, உங்க கிட்டதான் காட்டுவேன்னு அடம் பிடிக்கிறாங்க.”

எட்டு வருஷத்தில் அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை. மாட்டை யார் பார்ப்பது என்பாள். இப்போது ஐந்து மணி நேரம் பஸ்ஸில் அந்த மூட்டையை மடியில் வைத்து வந்திருக்கிறாள். புடவை தொடைப்பக்கம் நனைந்து கிடந்தது.

அறைக்குள் வந்து மேசைமேல் சாக்கைப் பிரித்தாள். வெள்ளை வெள்ளையாக முளை, விரல் நீளத்துக்கு. “மிச்சம் வச்சிட்டுப் போன விதைதான். சனிக்கிழமை அடுப்பு ஓரமா வச்சேன். எண்ணிக்கோங்க, நான் சொன்னா நம்பமாட்டீங்க.”

இரண்டு தடவை எண்ணினேன். தொண்ணூற்று மூன்று.

அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். “ஏங்க, இந்த ரூம் என்ன இப்படிக் குளிருது?”

“ஏசி. அது பாட்டுக்கு ஓடும். எப்படி நிறுத்துறதுன்னு தெரியல. நான் ரெண்டு போர்வை போத்திக்குவேன்.”

“விதைக்கு எத்தனை போத்துனீங்க?”

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். குளிரில் மக்காச்சோளம் முளைக்காது என்று என் வீட்டு மாட்டைக் கேட்டாலும் சொல்லும். ஐம்பது வருஷமாக விதைக்கிறவனுக்கு அது உறைக்கவில்லை. அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு, அதற்கு ஏற்ற கணக்கைத்தான் தேடியிருக்கிறேன்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கால் மேல் கையை வைத்தாள். விரல்கள் இன்னும் ஈரமாக இருந்தன. “நடந்தது நடந்துபோச்சு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணுங்க. எழுந்திருங்க.”

அமைச்சரின் செயலாளரிடம் போனேன். “ஒரு கடிதம் குடுங்க போதும். நீங்க பேசினதைச் சபைக் குறிப்புல இருந்து எடுத்துடலாம். உங்க மரியாதையும் கெடாது” என்றார்.

“அந்தப் பொண்ணோட உத்தரவு?”

“அது இன்னிக்குப் போகும். விசாரணை முடிஞ்சு ஒரு மாசத்துல ரத்து பண்ணிக்கலாம்.”

கடிதம் எழுதவில்லை. தன்னிலை விளக்கம் தர வேண்டும் என்று சபாநாயகரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். கூப்பிட்டதும் எழுந்தேன். மேலே பார்வையாளர் மாடத்தில் என் வீட்டுக்காரி முன்வரிசைக் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள்.

“திங்கக்கிழமை நான் சொன்னது தப்பு. ஏசி ரூம்ல வச்சு விதையை நான்தான் முடக்கினேன். அதே விதை என் வீட்ல தொண்ணூத்தி மூணு முளைச்சிருக்கு. அந்த அதிகாரி சொன்ன மழைதான் காரணம். அவங்களுக்கு உத்தரவு போகக் கூடாது. நான் பேசினதைக் குறிப்புல இருந்து எடுக்கவும் வேண்டாம். ரெண்டும் இருக்கட்டும்.”

சபை சிரிப்பில் குலுங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர், “விவசாயின்னு சொல்லி ஓட்டு வாங்கினவருக்கு விதை போடத் தெரியலையே! பேசாம உங்க வீட்டம்மாவை உறுப்பினராக்கிடுங்க” என்றார்.

“ஆக்கலாம். மாட்டை என்கிட்ட விட்டுட்டு வர அவ சம்மதிக்கணுமே!”

அமைச்சரும் சிரித்துவிட்டார். உத்தரவை நிறுத்துவதாகச் சொன்னார். நான் உட்காரவில்லை. அந்தப் பதினாறு பேருக்கும் மழை நிவாரணம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஊர் திரும்பியதும் நேராக அந்தப் பெண்ணின் அலுவலகத்துக்குப் போனோம். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“என்மேல கோபமாம்மா?”

“ஆமாங்க ஐயா” என்றாள். “எங்க அம்மா நாலு நாளா சாப்பிடல. பொண்ணு திருடின்னு பேப்பர்ல வந்துடுச்சேன்னு.”

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். கேட்டுவிட்டேன்.

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். “இனிமே என் சான்றிதழை நம்புவீங்களா?”

பொய் சொல்ல வரவில்லை. “சோதனை போட்டுப் பார்ப்பேன்.”

“போடுங்க. என்னையும் கூப்பிடுங்க. எங்க வைக்கிறீங்கன்னு நான் பார்க்கணும்” என்றாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

அதற்குள் என் வீட்டுக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “உங்கம்மா போன் நம்பரைச் சொல்லும்மா. முதல்ல நான் பேசறேன். அப்புறம் இவர் பேசுவார்.”