ஏழு டிகிரி

மகள் குளிரறைக் கதவை ஓங்கித் தட்டினாள். உள்ளே அப்பா குடைமிளகாய்களை ஒவ்வொன்றாக எடை போட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் அம்மா செத்துக் கிடக்கிறாள்; இந்த மனுஷனுக்கு மிளகாயின் எடை!

கதவு ஒரு சாண் திறந்தது. கம்பளிக் குல்லாவோடு தலை எட்டிப் பார்த்தது.

"சீக்கிரம் சொல்லு. சூடு உள்ள வருது."

"அண்ணன் வர நாளைக்கு மத்தியானம் ஆகுமாம். ஃப்ரீசர் பெட்டி எங்கயும் கிடைக்கல. இந்த வெயில்ல அம்மாவ எப்படி வெச்சிருக்கிறது? இந்த ரூம காலி பண்ணிக் குடுங்க."

முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பெண்டாட்டி போனதற்குக்கூட அப்படி வெளுக்கவில்லை.

"வெளிய எடுத்தா எல்லாம் போச்சும்மா. எந்தக் காய் சுருங்காம நிக்குதுன்னு பார்த்துத்தான் விதை எடுக்கணும். இன்னும் ஒரு வாரம்..."

"அம்மாவ ஒரு வாரம் கழிச்சு சாகச் சொல்லியிருக்கலாம்."

வாடாத மிளகாய் கண்டுபிடிக்கிறாராம்! வாங்கியவன் வீட்டில் எத்தனை நாள் கிடந்தாலும் தோல் தளரக் கூடாதாம். பூவுக்குப் பூ மகரந்தம் தடவியே ஆயுசு போய்விட்டது. இந்தக் குளிரறை முன்பு அம்மா படுத்த அறை. 'கொஞ்ச நாளைக்கு' என்று வாங்கிக்கொண்டார். அதன்பின் அவள் கூடத்தில் ஈரத்துணியை நெஞ்சில் போட்டுக்கொண்டு புரண்டாள். ஊர் இவரை விஞ்ஞானி என்றது. மகளின் வாயில் வேறு வார்த்தை வந்தது.

அப்பா யோசித்து யோசித்து, வள்ளல் மாதிரி ஒரு வழி சொன்னார்.

"ரேக்க ஓரமா தள்ளிக்கலாம். நடுவுல அவள படுக்க வெச்சிடுங்க. தட்டு எதையும் தொட வேணாம்."

"ரொம்பப் பெரிய மனசு," என்றாள் மகள்.

அம்மாவின் தம்பியும் மகளுமாக அம்மாவைத் தூக்கி வந்து, மிளகாய்த் தட்டுகளுக்கு நடுவே கிடத்தினார்கள்.

"இந்தக் குளிர் பத்தாது அத்தான். இன்னும் கொறைக்கணும்," என்றார் மாமா.

"ஏழு டிகிரிக்குக் கீழ போனா காயெல்லாம் குழி விழுந்து அழுகிடும்." வகுப்பெடுக்கிற குரல்.

மாமா தலையில் அடித்துக்கொண்டு வெளியேறினார். மகள் அப்பாவை முறைத்தாள். இப்படியும் ஒரு பிறவியா!

அப்பா நகரவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரில் இருந்த பொத்தான்களிடம் போனார். யாரும் தொட்டுவிடாமல் காவல் நிற்கப் போகிறார் என்றுதான் மகள் நினைத்தாள். அவர் அழுத்தினார். ஆறு. ஐந்து. எண் இறங்கிக்கொண்டே போய் இரண்டில் நின்றது.

"காய்?"

"போகட்டும்."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா வேர்த்துக் கிடந்தப்ப இந்தக் கை எங்க போச்சு?"

அவர் அம்மாவின் தலைமாட்டில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தோள் நடுங்கத் தொடங்கியது. குளிரோ, வேறெதுவோ.

மகள் கூடத்திலிருந்து ஒரு போர்வையைக் கொண்டுவந்தாள். கையில் கொடுக்கவில்லை. அவர் மடியில் விட்டெறிந்துவிட்டு வெளியே போனாள்.