முந்நூற்றுக்கு முன்னால் ஒரு கோடு

பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் அம்மாளுக்கு முப்பது வருஷ சர்வீஸ். ஒற்றுப்பிழை ஒன்று அவள் கண்ணுக்குத் தப்பினால் அன்றைக்கு மழை கொட்டும் என்று கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவளே இந்த முறை கோட்டைவிட்டாள். விண்மீன் மண்டலங்களின் திசைவேகப் பட்டியலில், ஆண்ட்ரோமெடாவுக்கு நேரே 300 என்ற எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருந்தது. மற்ற எண்களுக்கு இல்லாத கோடு இதற்கு மட்டும் எதற்கு என்று அடித்துவிட்டாள்.

பாடம் எழுதிய வானியல்காரி, மகள் வயதுப் பெண், திருத்திய தாளோடு மேஜைக்கே வந்து நின்றாள்.

"அது கோடு இல்லம்மா, மைனஸ். பட்டியல்ல மத்ததெல்லாம் நம்மள விட்டு விலகிப் போகுது. இது ஒண்ணுதான் கிட்ட வருது."

"வேகம்னா எவ்வளவுன்னு சொன்னாப் போதாதா?"

"அது வெறும் வேகம். திசைவேகம்னா எந்தப் பக்கம்னும் சொல்லணும்."

"அப்ப, அது தானாவே நம்மளத் தேடி வருதா?"

கேட்டபோது அவளுக்கு ஆண்ட்ரோமெடா ஞாபகமே இல்லை. அக்காதான் நினைப்பில் இருந்தாள். அம்மா இறந்த அன்று, "நீ இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் அக்கா. சொன்னவளே வரட்டும் என்று இவளும் வீம்பு பிடித்து நாலு வருஷம் ஓட்டிவிட்டாள். வீம்பு என்னவோ நன்றாகத்தான் இருந்தது, அக்கா இல்லாததுதான் தாங்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்து போய் எட்டிப் பார்ப்பாள்.

"தானாவேன்னு சொல்ல முடியாதும்மா," என்றாள் அந்தப் பெண். "அந்த முந்நூறுல பாதிக்கு மேல நம்ம சூரியன் அந்தப் பக்கமா ஓடுற ஓட்டம்தான். இடைவெளி குறையுதுன்னுதான் அங்கேர்ந்து வர்ற வெளிச்சம் சொல்லும். யாரு நகர்றாங்கன்னு சொல்லாது."

அம்மாள் சிவப்பு மையில் கோட்டைத் திரும்பப் போட்டாள். அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

இரண்டு பஸ் மாறிப் போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று கோத்துக் கோத்து வைத்துக்கொண்டாள். கதவைத் திறந்த அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கடைக்குப் போனவளைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏன்டி இவ்வளவு நேரம்?"