ஒன்பது வயிற்றுவலி

மேல்காட்டில் நான்கு வருடத்தில் ஒன்பது பேர் வயிற்றுவலியால் செத்திருந்தார்கள். ரிஜிஸ்டர் அப்படித்தான் சொன்னது. ஒன்பது பேரும் தாமாகவே உயிரை விட்டவர்கள் என்பது ஊருக்கே தெரியும். அதைச் சொன்னால் எவனும் பெண் கொடுக்கமாட்டான் என்று ஊர்ப்பெரியவர் காளியண்ணன் ஒவ்வொரு முறையும் நர்சிடம் "வயித்துவலிங்க" என்பார். ஒன்பதாவது ஆள் சுதாராணியின் புருஷன்.

கீழ்காட்டுக்காரர்கள் உள்ளதை எழுதினார்கள். அங்கே செவ்வாய்தோறும் ஓர் அம்மாள் பஸ்ஸில் வந்து மனக்கஷ்டம் கேட்டாள். மேல்காட்டுக்குப் பூச்சி மாத்திரை வந்தது. சாவு நிற்கவில்லை என்று இப்போது ஸ்கேன் வண்டியே வந்துவிட்டது.

சுதாராணி கொழுந்தன் அன்பழகனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். எஸ்டேட் வேலை போனதிலிருந்து அவன் குடித்தான், தூங்கவில்லை, சுவரையே பார்த்திருந்தான். அவள் புருஷனும் அதே சுவரைத்தான் பார்த்திருந்தார்.

டாக்டர் நூற்றுப்பன்னிரண்டு வயிறு பார்த்து அலுத்துப்போனார்.

"ஒரு வயித்துலயும் கோளாறு இல்ல. அப்புறம் ஏனுங்க சாகறீங்க?"

"அது வந்து வந்து போற வலிங்க," என்றார் காளியண்ணன்.

"செத்த பொறவு சுத்தமா நின்னுருமுங்க," என்றாள் மகனைப் பறிகொடுத்த ஆராயி.

அன்பழகன் சட்டையைத் தூக்கிப் படுத்தான். "நொம்ப நல்ல வயிறு. இன்னும் அறுபது வருசம் தாங்கும்," என்றார் டாக்டர்.

சுதாராணி டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஊட்டுக்காரரு வயிறும் நல்லாத்தானுங்க இருந்துச்சு. கடைசி நாளுகூட மூணு உருண்டை களி தின்னாரு. அவருக்கு வலிச்சது வயிறில்லீங்க. ஏழு மாசம் தூங்கல, யாருகூடயும் பேசல. இவரும் அப்படியேதான் இருக்கறாருங்க."



"அவனுக்கு இனி எவன் பொண்ணு குடுப்பான் சுதா?" என்றார் காளியண்ணன்.

"உசுரோட இருந்தாத்தானுங்க மாமா பொண்ணு கேக்கணும்."

டாக்டர் தன் சாவுப் பட்டியலில் சுதாராணியின் புருஷன் பேருக்கு நேரே இருந்த வயிற்றுவலியை அடித்து, உள்ளதை எழுதினார். ஆராயி முன்னால் வந்தாள். "எம் பையனுதையும் அடிச்சுருங்க சாமி." பொழுது சாய்வதற்குள் ஒன்பதும் குணமாகிவிட்டன.

அடுத்த செவ்வாய் அந்த அம்மாள் மேல்காட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். அன்பழகன் அவள் எதிரே உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் சட்டையைத் தூக்கினான்.

"எறக்கி விடுங்க தம்பி," என்றாள் அவள். "எப்ப இருந்துங்க தூக்கமில்ல?"

அவன் சட்டையை இறக்கிவிட்டான். வாசலில் சுதாராணி நின்றாள்.

"மாசி மாசத்துல இருந்துங்க," என்றான்.