பேயம்மாவுக்கு வேலை இல்லை

மூன்று வருடமாக அவள் செத்துப்போனவள். வாரத்துக்கு ஐந்து நாள், மாலை ஏழு மணிக்கு, சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, சீரியலில் தன் மகளாக நடிக்கும் பெண்ணைக் காப்பாற்றுவாள். அவள் பார்த்தால் பூட்டிய கதவு திறக்கும். வில்லன் ஓங்கிய கை அப்படியே நிற்கும். செட்டில் எல்லோருக்கும் அவள் 'பேயம்மா'. கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு என்னவோ அது பிடித்திருந்தது. அம்மா என்று கூப்பிட வேறு யார் இருந்தார்கள்?

பெற்ற மகள் தூரத்து ஊரில் இருந்தாள். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் அம்மாவா நடிச்சே, எனக்குத்தான் ஆகல" என்று சொல்லிவிட்டுப் போனவள். அதோடு பேச்சு நின்றுபோனது. ஆனால் சீரியல் முடிந்ததும் ஏழரைக்குப் போனில் ஒரு சொல் வந்துவிடும்: "பார்த்தேன்." அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முகத்தில் அப்பிய பவுடரையும், பறப்பதற்காக இடுப்பில் இறுக்கிய கயிற்றையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

புதிதாக வந்த சேனல் அதிகாரிக்குப் பேய் என்றாலே ஆகாது. இனி எல்லாம் யதார்த்தம் என்று சொல்லிவிட்டார். பெரிய இடத்துப் பேச்சு, யார் மறுப்பது? ஒரே வாரத்தில் கதை தலைகீழானது. பூட்டுக்குச் சாவி தேட ஆரம்பித்தார்கள். வில்லன் மேல் போலீஸில் புகார் கொடுத்தார்கள். அதை எழுதி முடிக்கவே மூன்று எபிசோடு ஓடியது. பேயம்மாவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு போட்டோ எடுத்துக்கலாம்மா, சுவத்துல மாட்டிடறோம்," என்றார். ஐந்து நிமிட வேலை. கயிறு கட்டும் ஆள் மட்டும் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திங்கட்கிழமை வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். சீரியல் மகள் அழுதாள், சாவியைத் தொலைத்தாள், சுவரில் இருந்த படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் ஜனங்களுக்குப் பழைய பேய் நினைப்பு வந்துவிடுமாம். ஏழரை ஆனது. போன் கம்மென்று கிடந்தது. ஏழே முக்கால். வேலை போனதுகூடப் பெரிதில்லை. அந்த ஒரு சொல்லும் நின்றுவிட்டால் அவளுக்கென்று யாருமில்லை.

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"இன்னைக்கு நீ பேசவே இல்லையே," என்றாள் மகள்.

"போட்டோ எப்படிடி பேசும்? பேயை எடுத்துட்டாங்க."

"இனிமே வர மாட்டியா?"

"மாட்டேன்."

அப்புறம் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று இவள் கேட்டாள். ஆச்சு என்று பதில் வந்தது. பேயாக இருந்தபோது சீரியல் மகளிடம் மூச்சு விடாமல் பேசியவள்தான். ஆனால் அதையெல்லாம் எழுதிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தார்.

"சரி, வைக்கவா?" என்றாள் மகள்.

"வைக்காதே," என்றாள். "தனியா இருக்கேன்டி."

அந்தப் பக்கம் போனை வைத்த சத்தம் கேட்கவில்லை. அவள் டிவியை அணைத்துவிட்டு, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.